யார் கணக்கில் எரிகிறது

2011 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹைலண்ட் பார்க் என்ற சிறு நகரத்தின் தெருவிளக்குகளை மின் நிறுவனம் கழற்றிக்கொண்டு போனது. ஃப்யூஸைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை. கம்பங்களையே பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். நகராட்சி கட்டாமல் விட்ட மின்கட்டணம் 40 லட்சம் டாலர் வரை சேர்ந்திருந்தது. விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள், பாக்கியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று இரு தரப்புக்கும் உடன்பாடு. ஆயிரத்துக்கும் அதிகமான விளக்குகள், ஊரில் இருந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அப்படிப் போயின. பெரிய சாலைகளிலும் சந்திப்புகளிலும் இருந்தவை மிஞ்சின. குடும்பங்கள் வசிக்கும் உள்தெருக்கள் இருட்டுக்குள் போயின. நகராட்சியின் மாதாந்தர மின்செலவு சரிந்தது.

கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதுவும் மின்சேமிப்புதான். தெருவிளக்குகளை மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றி இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் எத்தனை வாட் குறைந்தது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துபோகும்போதெல்லாம் ஹைலண்ட் பார்க் நினைவுக்கு வருகிறது.

அந்த ஊர் எந்த ஊர் என்பதைச் சொல்லியாக வேண்டும். டெட்ராய்ட் நகரம் கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவில் தனி நகராட்சியாக இருப்பது ஹைலண்ட் பார்க். ஹென்றி ஃபோர்டு 1910 இல் தன் பெரிய தொழிற்சாலையைத் திறந்தது அங்கேதான். நகரும் பட்டையில் கார் தானாக முன்னேற, தொழிலாளி நின்ற இடத்தில் நின்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் முறை 1913 இல் அங்கே உருவானது. மறு ஆண்டு ஒரு நாளைக்கு ஐந்து டாலர் கூலி என்று ஃபோர்டு அறிவித்தபோது வேலை கேட்டு வாயிலில் கூட்டம் திரண்டது. 1930 வாக்கில் அந்தச் சிறு நிலப்பரப்பில் 50,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிறகு தொழிற்சாலை இடம் பெயர்ந்தது, வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள், வரி தரும் நிறுவனங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 2010 கணக்கெடுப்பில் 12,000 பேர்கூட இல்லை. மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள், ஏழைகள்.

கார் செய்வதற்கு முன் ஃபோர்டு டெட்ராய்டின் எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். 1891 இல் சேர்ந்து 1899 வரை இருந்தார். அந்த நிறுவனம் கைமாறி, இணைந்து, பெயர் மாறி இன்றைய டிடிஇ எனர்ஜியாக நிற்கிறது. 2011 இல் கம்பங்களைப் பெயர்த்ததும் அதுதான். ஃபோர்டுக்குச் சம்பளம் தந்த நிறுவனத்தின் வழிவந்தது, ஃபோர்டால் வளர்ந்த ஊரின் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டது. இதைப் பழிவாங்கலாகவோ விதியாகவோ நான் படிக்கவில்லை. விளக்கு ஒரு விற்பனைப் பொருள், பணம் வராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. அதற்கு எதிரான எண்ணமும் அதே நிலத்தில்தான் முளைத்தது.

1880களில் டெட்ராய்ட் தன் தெருக்களுக்கு ஒளியூட்டிய விதம் இன்று கேட்டால் வியப்பாக இருக்கும். தெருவுக்குத் தெரு கம்பம் நடாமல், 175 அடி உயரம் வரை இரும்புக் கோபுரங்களை எழுப்பி உச்சியில் ஆர்க் விளக்குகளைப் பொருத்தினார்கள். நிலவுக் கோபுரங்கள் என்று பெயர். மொத்தம் 122 கோபுரங்கள், 21 சதுர மைல் பரப்பு. சில விளக்குகளைக் கொண்டு முழு ஊருக்கும் வெளிச்சம் தரும் சிக்கன யோசனை அது. பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்று பாராமல் எல்லோர் தலைமீதும் ஒரே ஒளி விழும் என்ற பெருமையும் இருந்தது. ஆனால் மூடுபனி இறங்கிய இரவுகளில் வெளிச்சம் மேலேயே தங்கிவிட்டது. கூரைகளும் மரக்கிளைகளும் பளிச்சென்றிருக்க, நடந்து போகிறவரின் காலடி இருட்டாக இருந்தது. கோழிகளும் வாத்துகளும் இரவு எது என்று தெரியாமல் உறங்காமல் சோர்ந்து செத்ததாகவும் அந்தக் காலத்துச் செய்திகள் உண்டு. கடைசியில் கோபுரங்கள் கழற்றப்பட்டன. அதே வகைக் கோபுரங்கள் 31 ஐ டெக்சஸின் ஆஸ்டின் நகரம் 1894 இல் வாங்கியது. சில இன்றும் அங்கே எரிகின்றன.

டெட்ராய்டில் அப்போது மேயராக இருந்தவர் ஹேசன் பிங்ரீ, செருப்புத் தொழிற்சாலை நடத்திப் பணக்காரரானவர். 1893 இன் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தவர்களுக்கு நகரத்தின் காலி மனைகளைப் பிரித்துக் கொடுத்து உருளைக்கிழங்கு பயிரிடச் சொன்னவர். தெருவிளக்குக்குத் தனியார் நிறுவனங்கள் கேட்ட விலை அநியாயம் என்று அவர் சண்டை போட்டார். 1895 இல் நகரமே சொந்தமாக மின் நிலையம் அமைத்துத் தன் தெருக்களுக்கு ஒளியூட்டத் தொடங்கியது. தண்ணீர், சாலை போல வெளிச்சமும் ஊரின் பொதுச்சொத்து என்று ஒரு நகரம் வாய்ச்சொல்லாக இல்லாமல் பணம் போட்டுச் சொன்ன ஆண்டு அது. பிங்ரீயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், விளக்கு வரலாற்றில் எடிசனுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு மூலையாவது இவருக்குத் தந்திருக்கலாம் என்று தோன்றும்.

அந்தப் பொதுச்சொத்து நூறாண்டில் எப்படிச் சிதைந்தது என்பதைக் கம்பிகளிலேயே படிக்கலாம். டெட்ராய்டின் பழைய விளக்குகளில் கணிசமானவை தொடர் இணைப்பில் இருந்தவை. ஒன்று போனால் அந்த வரிசையே போகும். 1950 இல் 18 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருந்த நகரத்தில் 2013 இல் 7 லட்சம் பேர்தான். வரி இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. செம்புக் கம்பியைத் திருடி எடைக்குப் போட்டார்கள். நகரம் திவால் மனு கொடுத்த 2013 ஜூலையில் 88,000 தெருவிளக்குகளில் சுமார் 40 விழுக்காடு எரியவில்லை என்று அந்த ஆவணங்களே சொல்கின்றன. குழந்தைகள் பள்ளிப் பேருந்துக்குக் குளிர்கால விடியலில் இருட்டில் நின்றார்கள். மாலை வேலைக்குப் போகும் பெண்கள் பேருந்து நிறுத்தம் வரை கார் விளக்குகளை நம்பி நடந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. 88,000 விளக்குகளை 46,000 ஆகக் குறைப்பது. ஆள் குறைந்துபோன பகுதிகளில் விளக்கைப் போடாமல் விடுவது. அங்கே இருப்பவர்கள் தாமாகவே நெருக்கமான பகுதிகளுக்கு நகர்ந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதனுள் இருந்தது. இதை எழுதியவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். கையில் பணம் இல்லாத நகரம் எங்கே செலவழிப்பது என்று யோசித்தது. ஆனால் அந்தத் திட்டம் ஒரு விஷயத்தை வெளிப்படையாக்கியது. ஒரு தெருவில் வாழ்வதற்கு உனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு பல்பால் சொல்லிவிட முடியும்.

நல்லவேளையாக அது நடக்கவில்லை. தெருவிளக்குக்கென்று தனி ஆணையம் உருவானது, 18.5 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடப்பட்டது. இடம் தேர்ந்தெடுக்க ஆணையம் வகுத்த விதியை நான் விரும்பிப் படித்தேன். ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு விளக்கு. இரண்டு முனைகளுக்கு நடுவே 300 அடிக்கு மேல் இருந்தால் நடுவிலும் ஒன்று. அந்தத் தெருவில் எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், எவ்வளவு வரி வருகிறது என்ற கேள்வி அந்த விதியில் இல்லை. 2016 டிசம்பருக்குள் 65,000 எல்இடி விளக்குகள் எரிந்தன. திருடர்களுக்கு ஆசை வராதபடி செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி. பழைய எண்ணிக்கையைவிடக் குறைவுதான். வீடுகளின் பின்சந்து விளக்குகளை விட்டுவிட்டார்கள், அதில் எனக்குக் குறை உண்டு. ஆனால் திவாலான ஒரு நகரம், எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவுகோல் என்று முடிவெடுத்தது சின்ன விஷயமில்லை.

எல்இடி இல்லாமல் இது நடந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோடியம் வேப்பர் விளக்கு எல்லாத் திசையிலும் ஒளியைக் கொட்டும். அதைத் தெருப்பக்கம் திருப்ப ஒரு கூடு வேண்டும். திருப்பும்போது கூட்டுக்குள் கொஞ்சம் வீணாகும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கொஞ்சம் போகும், வானத்துக்கும் கொஞ்சம். எல்இடி சில்லு ஒரு பக்கமாகவே ஒளிவிடுகிறது. அதன்மேல் ஒரு சிறு வில்லையைப் பொருத்தினால் வெளிச்சம் சாலையில் நாம் சொன்ன இடத்தில் விழும். வெள்ளை ஒளிக்கு அடிப்படை நீல ஒளி தரும் சில்லு. அதைச் செய்து காட்டியதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2009 தொடங்கி 1,40,000 விளக்குகளை மாற்றி, அவற்றுக்கான மின்செலவை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது. இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாறியிருக்கின்றன. முதலீட்டை இன்னொரு நிறுவனம் போட, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து உள்ளாட்சி தவணை கட்டும் ஏற்பாடு அது. கையில் காசில்லாத பேரூராட்சியும் விளக்கை மாற்ற வழி செய்தது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆனால் மிச்சமானது எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை 1865 இலேயே இங்கிலாந்தில் ஸ்டான்லி ஜெவன்ஸ் கேட்டார். நீராவி எந்திரம் திறமையாகிக் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியபோது, நாட்டின் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியது. மலிவானதால் எல்லோரும் எந்திரம் வைத்தார்கள். வெளிச்சத்துக்கும் இதுவே நடக்கிறது. 2012 முதல் 2016 வரை செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள், இரவில் ஒளிரும் நிலப்பரப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு கூடிவருவதாக 2017 இல் எழுதினார்கள். அந்தச் செயற்கைக்கோளின் கண்ணுக்கு எல்இடியின் நீல ஒளி தெரியாது. ஆகவே உண்மையான கூடுதல் இதைவிட அதிகமாக இருக்கலாம். உலகம் எல்இடிக்கு மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை.

இந்தப் புள்ளிவிவரத்தைப் படித்தால் எல்லோருக்கும் முதலில் தெருவிளக்கின் மேல்தான் கண் போகும். அணைக்கலாம், மங்கவைக்கலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம். வானியலாளர்களும் பறவை ஆர்வலர்களும் நியாயமான கவலையோடு சொல்கிறார்கள். விளக்கின் நிறத்தைப் பற்றி அமெரிக்க மருத்துவ சங்கம் 2016 இல் எச்சரித்தது. நீலம் மிகுந்த கடும் வெள்ளை வேண்டாம், 3000 கெல்வினுக்கு மேல் போகாதீர்கள் என்றது. அதையும் ஏற்கிறேன். ஆனால் 2019 இல் அரிசோனாவின் டூசான் நகரத்தில் நடந்த ஒரு சோதனை என் பார்வையை வேறு பக்கம் திருப்பியது. அந்த நகரம் தன் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றி, நள்ளிரவுக்குப் பின் மங்கவைக்கும் வசதியும் செய்திருந்தது. பத்து இரவுகள் வேண்டுமென்றே விளக்குகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்து, செயற்கைக்கோளில் தெரியும் நகரத்தின் மொத்த ஒளியில் எவ்வளவு மாறுகிறது என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வழக்கம்போல் மங்கவைத்த இரவுகளில் தெருவிளக்கின் பங்கு சுமார் 13 விழுக்காடு. மங்கவைக்காவிட்டாலும் 18 தான்.

மீதி எண்பது சொச்சம் யாருடையது? கடை முகப்புகள், விளம்பரப் பலகைகள், கார் நிறுத்துமிடங்கள், கட்டட அலங்காரங்கள், விளையாட்டு மைதானங்கள், தனி வீட்டு முற்றங்கள். ஒரு ஆய்வு, ஒரு நகரம்தான். எல்லா ஊரிலும் இதே விகிதம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நகரத்தின் இரவில் எரியும் விளக்குகளில் பொதுவானது தெருவிளக்கு ஒன்றுதான். கடை வாசலில் நிற்கத் தயங்குகிறவரும், காரில்லாமல் நடந்து போகிறவரும், வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டவரும் உரிமையோடு நிற்கக்கூடிய வெளிச்சம் அது. அதன் கட்டணம் ஒரே ரசீதில், ஒரே அலுவலகத்துக்கு வருகிறது. அதனாலேயே குறைப்பதற்கு எளிதாகக் கைக்கு அகப்படுவதும் அதுதான். ஹைலண்ட் பார்க்கில் கம்பங்கள் போன வருடம் அங்கே தனியாரின் ஒரு விளம்பரப் பலகையையாவது சேமிப்பின் பெயரால் யாரும் அணைக்கச் சொன்னதாக நான் படித்ததில்லை. பிரான்ஸ் நாடு இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. 2013 ஜூலை முதல் ஆள் இல்லாத அலுவலகங்களின் உள்விளக்குகளையும், நள்ளிரவு ஒரு மணிக்குப் பின் கடைக் கண்ணாடி விளக்குகளையும் அணைக்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. முதலில் யாரிடம் கேட்பது என்பதில் அந்த விதிக்குத் தெளிவு இருந்தது.

வெளிச்சம் வந்தால் குற்றம் குறையுமா என்று கேட்பார்கள். இதற்கு ஒரே பதில் கிடையாது. நியூயார்க்கின் பொதுக்குடியிருப்புகளில் 2016 இல், எங்கே கூடுதல் விளக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துச் சோதித்தபோது, இரவில் வெளியே நடக்கும் கடுமையான குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 62 உள்ளாட்சிகளில் விளக்கை அணைத்ததையும் மங்கவைத்ததையும் ஆராய்ந்த 2015 ஆய்வு, அதனால் விபத்தோ குற்றமோ கூடியதற்குச் சான்று இல்லை என்றது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நான் புரிந்துகொள்வது, விளக்கின் பயன் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அந்த இடத்தை அறிந்தவர்கள் அங்கே வாழ்பவர்கள். ஆகவே அணைப்பதா ஏற்றுவதா என்பதை அவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேட்காமல் தரப்படும் வெளிச்சத்துக்கும் வரலாறு உண்டு. 1713 இல் நியூயார்க்கில், இருட்டிய பின் வெளியே வரும் அடிமைகள் கையில் எரியும் விளக்கு ஏந்தியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவர்கள் வழி பார்ப்பதற்காக இல்லை, அவர்களைப் பிறர் பார்ப்பதற்காக. டெட்ராய்டில் 2016 இல் பெட்ரோல் நிலையங்களின் வாசலில் பச்சை விளக்குகள் மின்னத் தொடங்கின. அங்கே உள்ள காமிரா காவல்துறையோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். விரும்பி வரவேற்றவர்களும் இருந்தார்கள், தாங்கள் கண்காணிக்கப்படுவதாகக் கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். எல்இடி கம்பத்தில் காமிராவையும் உணரியையும் சேர்த்து விற்கும் காலம் இது. சேமிப்பு என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தில் வேறு என்னென்ன தொங்குகின்றன என்று ஊர் படித்துப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பையும் படிக்க வேண்டும். டெட்ராய்டின் புதிய விளக்குகளில் ஏறக்குறைய 20,000, பத்தாண்டு வாழும் என்ற உறுதியோடு வந்தவை, மூன்று நான்கு ஆண்டுகளிலேயே மங்கவும் அணையவும் தொடங்கின. 2019 இல் ஆணையம் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட்டு, விளக்குகளை மாற்றவும் ஏற்பாடு செய்தது. பழையபடி இருட்டுத் திரும்புகிறதோ என்று பயந்த மக்களுக்குப் புகார் சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது, அந்த அலுவலகம் நகரத்துடையது. ஹைலண்ட் பார்க்கில் அதுகூட இல்லை. அங்கே 2012 முதல் சிலர் சேர்ந்து சோலார்டாரிட்டி என்ற அமைப்பைத் தொடங்கி, சூரிய ஒளியில் எரியும் தெருவிளக்குகளைப் பணம் திரட்டி நட்டுவருகிறார்கள். போன ஆயிரத்துக்கு இவர்கள் நட்டவை ஈடாகாது. ஆனால் அந்த விளக்குகள் தெருவில் வாழ்பவர்களுக்குச் சொந்தமானவை. பாக்கிக்காக யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாதவை. பிங்ரீ 1895 இல் ஒரு மாநகரத்தின் பணத்தைக் கொண்டு செய்ததை இவர்கள் கைக்காசைக் கொண்டு செய்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை பெரிது. ஒரு தெருவில் வெளிச்சம் வேண்டுமென்றால் அங்கே வசிப்பவர்கள் உண்டியல் குலுக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் அதே அளவு.

நம் ஊர்ப்பக்கம் இந்தக் கதை அந்நியமாக ஒலிக்காது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இன்படி குடியிருப்புப் பகுதிகளின் பொதுச்சாலைகளில் விளக்கு எரிய வைப்பது ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்று. ஊர்த்தெருவில் கோயில் வரை வரிசையாக வரும் கம்பங்கள் காலனிக்குத் திரும்பும் இடத்தில் எப்படி நிற்கின்றன, சுடுகாட்டுப் பாதையில் எத்தனை எரிகின்றன, பெண்கள் வெளியே போய்வரும் வழியில் ஒன்றாவது இருக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் தம் ஊரிலேயே நடந்து பார்த்துவிடலாம். பழைய விளக்கை எல்இடியாக மாற்றும்போது இருக்கிற கம்பத்தில்தான் மாற்றுகிறோம். கம்பமே வராத தெருவுக்கு எந்தச் சேமிப்பும் போய்ச் சேராது. முன்பு சோடியம் விளக்கு எங்கே இருந்ததோ அங்கே இப்போது இன்னும் பளிச்சென்று எரியும். பக்கத்து இருட்டு இன்னும் கெட்டியாகத் தெரியும்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தெருவிளக்கு மாற்றியதில் மின்கட்டணம் எவ்வளவு குறைந்தது என்று வரவுசெலவில் வாசிக்கும் நாளில், ஊரில் விளக்கே இல்லாத தெருக்களின் பட்டியலையும் சேர்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும். அப்படி மிச்சமான தொகையில் இந்த ஆண்டு அவற்றில் எத்தனை கம்பம் நடுவது, எந்தத் தெருமுனையில் நடுவது, எந்த விளக்கை நள்ளிரவுக்குப் பின் மங்கவைப்பது என்று அங்கேயே கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். முதல் கம்பம் காலனிக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.